சங்கத்தைக் கட்டியவள் யார்?

"பெண்கள் சந்தா கொடுப்பார்கள், கூட்டத்துக்கு வரமாட்டார்கள். கூட்டத்துக்கு வந்தாலும் போராட்டம் என்றால் பின்வாங்கி விடுவார்கள். வீடு, பிள்ளை, மாமியார் என்று ஓடிவிடுவார்கள். அவர்களை நம்பி ஒரு வேலைநிறுத்தம் நடத்த முடியுமா?" இந்தப் பேச்சைச் சங்க அலுவலகங்களில் நாம் கேட்காத நாளில்லை. பேசுகிறவர்கள் முதலாளியின் ஆட்களாயிருந்தால் நாம் இதற்காக ஒரு பத்தியைச் செலவழிக்க மாட்டோம். நல்ல தோழர்கள், தடியடி பட்டவர்கள், சிறை கண்டவர்கள் பேசுகிறார்கள். ஆகவேதான் தென் கொரியாவின் கதையை இன்று எடுத்துக்கொள்கிறோம்.

தென் கொரியா என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது காரும் கைப்பேசியும் டெலிவிஷன் பெட்டியும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிலாளிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். 2024 செப்டம்பரில் சங்கம் வைக்கும் உரிமை கேட்டு சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் பந்தலில் உட்கார்ந்திருந்ததை அவர் கண்ணால் கண்டவர். ஆனால் அந்தக் கம்பெனிகள் பிறந்த நாட்டிலேயே சங்கம் என்ற சொல்லுக்கு உயிர் கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால் பதில் சொல்வார் அரிது. இரும்பு உருக்கியவர்களா? கப்பல் கட்டியவர்களா? அல்ல. நூல் நூற்ற பெண்கள். சட்டை தைத்த பெண்கள். டோப்பா முடி பின்னிய பெண்கள்!

1961-ஆம் ஆண்டு ராணுவத்தைக் கொண்டு ஆட்சியைப் பிடித்தார் பார்க் சுங் ஹீ. ஏற்றுமதி, ஏற்றுமதி என்பதே அவருடைய தாரக மந்திரம். ஏற்றுமதி செய்ய வேண்டுமானால் சரக்கு மலிவாயிருக்க வேண்டும்; சரக்கு மலிவாயிருக்கக் கூலி மலிவாயிருக்க வேண்டும்; கூலி மலிவாயிருக்க நெல்லின் விலை மலிவாயிருக்க வேண்டும். நெல் விலையை அழுத்தினார்கள். குடியானவன் குடும்பம் தத்தளித்தது. அந்தக் குடும்பத்தின் மூத்த மகள், ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, துணி மூட்டையோடு சியோல் நகரத்துக்கு ரயில் ஏறினாள். எதற்கு? தம்பியின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு. ஒரு தலைமுறைக் கொரிய ஆண்களின் படிப்பு, அவர்களுடைய அக்காமார் மெஷின் முன் உட்கார்ந்து ஈட்டிய காசில் நடந்தது. இதை நாம் மிகைப்படுத்தவில்லை. அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு சொல்லிக்கொள்ளும் கதை இது.

இந்தப் பெண்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் "தொழில்துறைப் போர்வீரர்". ஊர் வைத்த பெயர் "கொங்சூனி". ஆலைக்காரி என்று பொருள். சொல்லும்போது உதட்டைச் சுழித்துக்கொண்டு சொல்வார்கள். மேடையில் மாலை, தெருவில் ஏச்சு! சம்பளமோ 1970-களில் ஆண் தொழிலாளி வாங்கியதில் சராசரியாகப் பாதிகூட இல்லை.

சியோல் நகரத்தில் சொங்கேச்சோன் என்ற ஓடையின் கரையில் "சமாதானச் சந்தை" என்று ஒரு கட்டடம். பெயர்தான் சமாதானம்! உள்ளே நூற்றுக்கணக்கான தையல் பட்டறைகள். ஒரு தளத்தை இரண்டாக வகுத்துப் பரண் போட்டிருந்தார்கள். பரணின் உயரம் சுமார் ஒன்றரை மீட்டர். வளர்ந்த ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. அங்கே பஞ்சுத் தூசிக்கிடையில் 13, 14, 15 வயதுச் சிறுமிகள் எடுபிடிகளாக நாளுக்கு 14 மணி நேரம் வேலை செய்தார்கள். மாதத்தில் இரண்டு நாள் விடுமுறை. சீசன் வந்தால் அதுவும் இல்லை. தூக்கம் வராமலிருக்க மாத்திரை கொடுப்பார்கள்.

அந்தப் பட்டறையில் துணி வெட்டும் வேலை பார்த்தவன் ஜன் டே இல் என்ற வாலிபன். ஆண் பிள்ளை, சிறுமிகளைவிடச் சம்பளம் கூடுதல். "நமக்கென்ன?" என்று அவன் இருந்திருக்கலாம். அவனோ பஸ்ஸுக்கு வைத்திருந்த காசில் பட்டினி கிடந்த சிறுமிகளுக்குப் பணியாரம் வாங்கிக் கொடுத்துவிட்டு இரவில் வீட்டுக்கு நடந்தே போனான். நாட்டில் 1953-லேயே ஒரு தொழிலாளர் தராதரச் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரிந்ததும், அந்தப் புத்தகத்தை வாங்கி, புரியாத எழுத்துக்களோடு மல்லுக்கட்டிப் படித்தான். எட்டு மணி நேர வேலை என்று அதில் அச்சடித்திருந்தது! தன்னையொத்த வெட்டுக்காரர்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்தான். அதற்கு அவன் வைத்த பெயர் "முட்டாள்கள் சங்கம்". சட்டம் இருப்பதே தெரியாமல் இத்தனை நாள் உழைத்துச் செத்தோமே, நாம் முட்டாள்கள்தானே என்பது அவன் கருத்து. மனுக் கொடுத்தான், கணக்கெடுத்தான், அதிகாரிகளின் வாசலில் காத்து நின்றான். ஒன்றும் நடக்கவில்லை. 1970 நவம்பர் 13-ஆம் தேதி, அந்தச் சட்டப் புத்தகத்தைக் கொளுத்துவதென்று கூடிய கூட்டத்தைப் போலீஸ் கலைத்தபோது, தன்மேல் பெட்ரோலை ஊற்றித் தீ வைத்துக்கொண்டான். "தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்து! நாங்கள் யந்திரங்களல்ல!" என்று கூவிக்கொண்டே ஓடி விழுந்தான். அன்றிரவே இறந்தான். வயது 22.

உயிரைக் கொளுத்திக்கொள்வதை நாம் ஒருநாளும் ஆதரிப்பவரல்லர். உயிரோடிருந்து போராடும் தொழிலாளிதான் நமக்கு வேண்டும். நாம் சொல்ல வந்தது வேறு. அந்த வாலிபனின் தாயார் லீ சோ சன் அம்மையார், மகன் விட்டதை எடுத்தார். இரண்டு வாரத்தில் அந்தச் சந்தையில் தையல் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதற்குப் பிறகு பல தடவை சிறை சென்று, 2011-இல் மறையும்வரை "தொழிலாளரின் தாய்" என்றே அந்த அம்மையாரை நாடு அழைத்தது. சங்கத்தை நிரப்பியவர்கள் யார்? அவன் பணியாரம் வாங்கிக் கொடுத்த அந்தப் பெண்கள்!

இனி இஞ்சோன் துறைமுகத்துக்கு வருவோம். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் கட்டிய டோங்கில் நூற்பாலை அங்கே இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் சுமார் 1,300 தொழிலாளர்கள். அவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆனால் சங்கத் தலைவர், செயலாளர் எல்லாரும் ஆண்கள். மெஷின் பழுது பார்ப்பவர், மேஸ்திரி, அலுவலகத்துக்கு நெருக்கமானவர் இவர்கள்தான் சங்கம். நிர்வாகத்துக்கு அந்தச் சங்கத்தால் ஒரு தலைவலியும் கிடையாது. ஜாடிக்கேற்ற மூடி!

சோ வா சூன் என்று ஒரு பெண் பாதிரி. 1966-இல் அந்த ஆலையிலேயே கூலியாகச் சேர்ந்து சில மாதம் வேலை பார்த்தவர். உபதேசம் செய்யப் போனவர், பாடம் கற்றுக்கொண்டு திரும்பினார். ஷிப்டு முடிந்த பெண்களை ஏழெட்டுப் பேராகச் சேர்த்து வைத்துச் சமையல், தையல், எழுத்து என்று ஆரம்பித்து, கடைசியில் சட்டமும் சங்கமும் பேச வைத்தார். மதத்தைப் பற்றி நம்முடைய கருத்து ஊரறிந்தது. ஆனால் வேலை நடந்த விதத்தைப் பாருங்கள், தோழர்களே! பெரிய பொதுக்கூட்டமில்லை, ஒலிபெருக்கியில்லை. ஏழெட்டுப் பேர், ஓர் அறை, பொறுமை. நம் கிளைகளில் எத்தனை கிளை இதைச் செய்கிறது?

1972-இல் சங்கத் தேர்தல் வந்தது. பெண்கள் தங்களில் ஒருத்தியான சூ கில் ஜாவைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். கொரியத் தொழிற்சங்கச் சரித்திரத்திலேயே முதல் பெண் தலைவர் அவர்தான். ஆயிரம் பெண்கள் இருக்கும் ஆலையில் ஒரு பெண் தலைமை ஏற்பதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். அதிசயமென்றுதான் நிர்வாகம் நினைத்தது. அதிசயமென்றுதான், வெட்கத்தோடு சொல்கிறோம், அந்த ஆலையின் ஆண் தொழிலாளர்களும் நினைத்தார்கள். "பெண் பிள்ளை தலைமையில் நாங்கள் இருப்பதா?" சம்பளத்தில் மேல், பதவி உயர்வில் மேல், பெண் மேஸ்திரியாக முடியாது, ஆண் ஆகலாம். இந்த அற்ப உயர்வைக் காப்பாற்றிக்கொள்ள அவர்கள் முதலாளியின் கைத்தடியானார்கள்.

அடுத்து வந்த தலைவி லீ யங் சுக். 1976 ஜூலையில் அவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்நேரம் பார்த்து ஆண்கள் கோஷ்டி கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு கூட்டம் நடத்தித் தங்களையே நிர்வாகிகளாக்கிக் கொண்டது. பெண்கள் வேலையை நிறுத்தி ஆலைக்குள்ளே உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள், ஜூலை 25, போலீஸ் படை உள்ளே வந்தது. வெறுங்கையோடு இருந்த பெண்கள் என்ன செய்வார்கள்? வேலை உடுப்பைக் கழற்றிவிட்டு ஒருவரோடொருவர் கை கோத்து நின்றார்கள். உடுப்பில்லாத பெண்ணின்மேல் ஆண் போலீஸ்காரன் கை வைக்க மாட்டான் என்று நம்பினார்கள். வைத்தான். அடித்தான், இழுத்துக்கொண்டு போனான். எழுபது பேருக்கு மேல் கைதானார்கள்.

அதோடு முடிந்ததா? 1978 பிப்ரவரி 21. சங்கப் பிரதிநிதிகளின் தேர்தல் நாள். விடியற்காலை, இரவு ஷிப்டு முடித்து ஓட்டுப் போட வந்த பெண்கள்மேல் சில ஆண்கள் பாய்ந்தார்கள். கையில் ரப்பர் உறை; வாளியில் மலம். முகத்தில் பூசினார்கள், வாயில் திணித்தார்கள், உடுப்புக்குள்ளே கொட்டினார்கள். ஓட்டுப் பெட்டியை உடைத்தார்கள். போலீஸார் நின்றுகொண்டிருந்தார்கள், பெண்கள் கூவி அழைத்தும் அசையவில்லை. அருகில் படக்கடை வைத்திருந்த ஒருவர் எடுத்த படங்கள் மட்டும் இல்லாதிருந்தால், இப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று சாதித்திருப்பார்கள்.

செய்தவர்கள் யார்? முதலாளியின் மகனா? மந்திரியா? அதே ஆலையில் கூலி வாங்கிய ஆண்கள். பக்கத்து மெஷினுக்கு எண்ணெய் போட்டவர்கள். அவர்களைப் பின்னாலிருந்து இயக்கியது அந்நாட்டு உளவுத்துறை என்பதை 2010-இல் அரசாங்கத்தின் உண்மை அறியும் கமிஷனே ஒப்புக்கொண்டது. இயக்கியவன் எவனோ இருக்கட்டும். வாளியைத் தூக்கியது தொழிலாளியின் கை!

அந்தப் பெண்கள் அழுதுகொண்டு ஊருக்குப் போய்விடவில்லை. அந்நாட்டில் மே முதல் நாளைத் தொழிலாளர் தினமாகக் கொண்டாட அப்போது அனுமதியில்லை. மார்ச் 10-ஐ அரசாங்கத் தொழிலாளர் தினமாக வைத்திருந்தார்கள் (1994-இல்தான் மே தினம் திரும்ப வந்தது). 1978 மார்ச் 10 அன்று சியோலில் அரங்கம் நிறைந்த விழா, டெலிவிஷன் ஒளிபரப்பு. அதன் நடுவே டோங்கில் பெண்கள் எழுந்து நின்று, மலத்தைத் தின்று எங்களால் வாழ முடியாது என்று முழங்கினார்கள். ஏப்ரல் முதல் தேதி 124 பேர் டிஸ்மிஸ். அகில நாட்டு ஜவுளித் தொழிலாளர் சங்கத் தலைமை என்ன செய்தது தெரியுமா? அந்த 124 பேருடைய பெயரையும் பட்டியல் போட்டு மற்ற ஆலைகளுக்கு அனுப்பி வைத்தது. எங்கே வேலை கேட்டுப் போனாலும் கதவு சாத்தப்பட்டது. கறுப்புப் பட்டியலை முதலாளிகள் சங்கம் தயாரிக்கும் என்று நாம் அறிவோம். தொழிலாளர் சங்கமே தயாரித்த விந்தையை அங்கேதான் கண்டோம்.

அடுத்த ஆண்டு டோப்பா முடிக் கம்பெனியின் முறை. ஒய்.எச். என்பது அந்தக் கம்பெனியின் பெயர். முதலாளி பெயரின் முதலெழுத்துக்கள். 1966-இல் ஆரம்பித்து, அமெரிக்கச் சீமாட்டிகளுக்குத் தலைமுடி செய்து அனுப்பி, சில ஆண்டுக்குள் 4,000 பேர் வேலை செய்யும் கம்பெனியானது. பணம் சேர்ந்ததும் முதலாளி அமெரிக்காவில் குடியேறிவிட்டார். 1979-இல் கம்பெனியை மூடுகிறோம் என்றார்கள். சோய் சூன் யங் என்ற பெண் தலைமையில் சங்கம் எதிர்த்தது. ஆகஸ்ட் 9 அன்று 187 பெண்கள் எதிர்க்கட்சியின் தலைமை அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். 11-ஆம் தேதி இரவு இரண்டு மணிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட போலீஸ் உள்ளே புகுந்தது. பெண்கள், எதிர்க்கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்கள், பத்திரிகை நிருபர்கள் என்று வித்தியாசமில்லாமல் அடி. கிம் கியோங் சுக் என்ற 21 வயதுத் தொழிலாளி பிணமானாள். தற்கொலை என்று போலீஸ் அறிக்கை விட்டது. அது பொய், போலீஸ் நடவடிக்கையின்போது நேர்ந்த சாவுதான் என்று 29 ஆண்டு கழித்து, 2008-இல், அரசாங்கக் கமிஷன் சொல்லிற்று.

இந்தச் சம்பவத்தைக் கண்டித்துப் பேசிய எதிர்க்கட்சித் தலைவர் கிம் யங் சாம் அக்டோபர் 4-ஆம் தேதி பாராளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டார். 16-ஆம் தேதி அவருடைய சொந்த வட்டாரமான பூசான் நகரம் கொதித்தெழுந்தது. அருகிலிருந்த மாசான் நகரமும் சேர்ந்துகொண்டது. மக்களைச் சுடுவதா, விட்டுக்கொடுப்பதா என்று ஆளவந்தாருக்குள்ளேயே சண்டை. 26-ஆம் தேதி பார்க் சுங் ஹீயை அவருடைய உளவுத்துறைத் தலைவரே விருந்து மேசையில் சுட்டுக் கொன்றார். 18 ஆண்டுச் சர்வாதிகாரம்! அதை ஆட்டி வைத்த முதல் கல்லை எறிந்தவர்கள் 187 பெண்கள். போராட்டத்துக்கு நிற்கமாட்டார்களாம்!

அதன் பின்னும் இன்னொரு ராணுவ ஆட்சி வந்தது. அதன் நடுவிலும் 1985 ஜூனில் சியோலின் கூரோ தொழிற்பேட்டையில், ஓர் ஆலையின் சங்கத் தலைவரைக் கைது செய்ததற்காகப் பக்கத்து ஆலைகளும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தன. கொரிய யுத்தத்துக்குப் பின் நடந்த முதல் ஆதரவு வேலைநிறுத்தம் அது; அதிலும் பெரும்பாலோர் தையல் பெண்கள். அதே 1985-இல் சியோல் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. விபத்தில் அடிபட்ட ஒரு கன்னிப் பெண் நஷ்டஈடு கேட்டாள். பெண்கள் 25 வயதில் கல்யாணமாகி வேலையை விட்டுவிடுவார்கள், ஆகவே 25 வயதுவரை உள்ள சம்பளத்துக்குத்தான் கணக்கு என்றது நீதிமன்றம். பெண்கள் அமைப்புகள் கிளர்ச்சி செய்து, மறு ஆண்டு மேல் நீதிமன்றத்தில் அந்தக் கணக்கு 55 வயது என்று திருத்தப்பட்டது. ஒரு பெண்ணின் உழைப்புக்கு எத்தனை வயதுவரை விலை உண்டு என்று முடிவு கட்டியவர்கள் கறுப்பு அங்கி அணிந்த ஆண்கள் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1987 வந்தது. ராணுவ ஆட்சி பணிந்தது. ஜூலை, ஆகஸ்டில் நாடெங்கும் வேலைநிறுத்தம். இம்முறை முன்னணியில் நின்றவர்கள் உல்சானின் கார் தொழிலாளரும் கப்பல் தொழிலாளரும். யந்திரங்களோடும் லாரிகளோடும் ஊர்வலம் போன அந்த ஆண்களைப் படத்தில் பார்த்து உலகமே மலைத்தது. வீரர்கள்தாம், நாம் மறுக்கவில்லை. அவர்கள் பெற்ற சம்பள உயர்வும் மரியாதையும் உண்மை. ஆனால் அன்று முதல் கொரியத் தொழிலாளி என்றால் ஹெல்மெட் போட்ட ஆண் என்றாயிற்று. பதினேழு ஆண்டு மலமும் தடியும் தின்று பாதை போட்டவர்கள் பழைய கதையானார்கள். அந்தப் பாதையில் வந்த சங்கம் பதினோரு ஆண்டு கழித்து என்ன செய்தது என்பதுதான் நம் தோழர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது.

1997 இறுதியில் கொரியா கடனில் மூழ்கியது. சர்வதேச நிதி ஸ்தாபனம் கடன் கொடுத்து நிபந்தனை போட்டது: ஆட்குறைப்புக்கு வழி விடு! 1998 கோடையில் ஹூண்டாய் கம்பெனி உல்சான் ஆலையில் ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பு என்று அறிவித்தது. நாட்டிலேயே வலுவான சங்கம் அது. ஆலைக்குள்ளே கூடாரம் அடித்தார்கள். மனைவி மக்களும் வந்து தங்கினார்கள். 36 நாள் வேலைநிறுத்தம். வெளியே போலீஸ் படை.

அத்தனை பேருக்கும் யார் சோறு போட்டது? ஆலையின் கேன்டீன் பெண்கள். அவர்களும் சங்க உறுப்பினர்கள்தான், வேலைநிறுத்தம் செய்தவர்கள்தான். நடுத்தர வயதுப் பெண்கள். குடும்பத்தைத் தனியே சுமந்தவர் பலர். சம்பளமில்லாத அந்த நாட்களில் அவர்கள் அண்டா அண்டாவாகச் சமைத்துப் போட்டார்கள். போராட்டத்தின் பூ என்று ஆண்கள் அவர்களைப் புகழ்ந்தார்கள்.

ஆகஸ்ட் 24-ஆம் தேதி உடன்பாடு. ஆயிரக்கணக்கில் என்று ஆரம்பித்தது 277 பேரின் வேலைநீக்கத்தோடு நின்றது. மற்றவர்க்குச் சம்பளமில்லாத விடுப்பு. வெற்றி என்று சொன்னவர்கள் உண்டு. அந்த 277-இல் 144 பேர் யார்? கேன்டீன் பெண்கள்!

அது மட்டுமா? நீக்கிய பிறகு கேன்டீன் நின்றுவிடவில்லை; சோறு தின்னாமல் கார் செய்ய முடியாதே! கேன்டீனை நடத்தும் பொறுப்பைச் சங்கமே ஏற்றது. அதே பெண்கள், அதே அண்டா, அதே அடுப்பு. குறைந்த சம்பளம், நிரந்தரமில்லாத வேலை. இப்போது அவர்களுக்கு முதலாளி யார்? அவர்களுடைய சங்கம்! அவர்கள் அந்தச் சங்கத்துக்கு எதிரேயே பட்டினிப் போராட்டம் நடத்தினார்கள். பின்னால் அவர்களைப் பற்றி ஒரு படம் எடுத்தார்கள். அதன் பெயர் "சோறு, பூ, ஆடு". ஆடு என்றால் பலியாடு.

இதே 1998-இல், செப்டம்பரில், அதே கம்பெனியின் சான்ட்ரோ கார் நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்தது. நம் ஊரில் மாலையும் மேளமும். அந்த மாதம் உல்சானில் 144 பெண்கள் தெருவில் நின்றார்கள் என்று இங்கே எந்தப் பத்திரிகையும் எழுதியதாக நமக்கு நினைவில்லை.

உடன்பாட்டில் கையெழுத்துப் போட்ட சங்கத் தலைவர்களைக் கருங்காலிகள் என்று நாம் சொல்லமாட்டோம். சொல்லிவிட்டால் நமக்குச் சுலபம். கருங்காலிகள் செய்தார்கள், நாம் செய்யமாட்டோம் என்று தூங்கப் போகலாம். அவர்கள் போராளிகள். சிறை சென்றவர்கள். பிறகு ஏன் செய்தார்கள்? "யாரையாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் யாரை?" என்ற கேள்வி வந்தபோது, அவர்கள் மனத்தில் ஒரு கணக்கு ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது. ஆண் சம்பாதிப்பது குடும்பத்துக்கு. பெண் சம்பாதிப்பது வெற்றிலை பாக்குச் செலவுக்கு. ஆண் வேலை போனால் ஒரு குடும்பம் போகும். பெண் வேலை போனால் அவள் வீட்டுக்குப் போவாள். கார் செய்வது தொழில். சோறு ஆக்குவது தொழிலா? இந்தக் கணக்கை முதலாளி சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் அதைத் தாயின் மடியிலேயே கற்று வந்திருந்தார்கள். நாமும் அப்படித்தானே கற்று வந்திருக்கிறோம்?

அந்தக் கணக்கு ஹூண்டாயோடு நிற்கவில்லை. 1999-இல் அந்நாட்டு விவசாயக் கூட்டுறவு வங்கியில் கணவன் மனைவி இருவரும் வேலை பார்த்த எழுநூற்றுக்கு மேற்பட்ட தம்பதிகளில் ஒருவர் விலக வேண்டும் என்று நெருக்கினார்கள். யார் என்று அவர்களே முடிவு செய்துகொள்ளலாமாம்! விலகியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மனைவியர்.

சரி, பெண்களைக் கொடுத்து ஆண்கள் பிழைத்தார்களா? 2000-ஆம் ஆண்டில் ஹூண்டாய் நிர்வாகமும் சங்கமும் ஓர் ஒப்பந்தம் செய்தன. நிரந்தரத் தொழிலாளியின் வேலைக்கு உத்தரவாதம், பதிலுக்கு 16.9 விழுக்காடுவரை காண்டிராக்ட் ஆட்களை உற்பத்தியில் வைத்துக்கொள்ளலாம். கேன்டீன் வாசலில் ஆரம்பித்த காண்டிராக்ட் இப்போது கன்வேயருக்கு வந்துவிட்டது. ஒரே காரின் இடது சக்கரத்தை நிரந்தரத் தொழிலாளி மாட்டுவான், வலது சக்கரத்தைக் காண்டிராக்ட் தொழிலாளி மாட்டுவான். ஒரே திருகு, ஒரே வியர்வை. சம்பளம் மட்டும் வேறு. இந்தத் தடவை அந்தக் குறைந்த சம்பளத்துக்கு நின்றவர்கள் ஆண்கள்! கன்வேயரில் இப்படி ஆள் வைப்பது சட்ட விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் காண்டிராக்ட் முறை நாடு முழுவதும் பரவிவிட்டது. பெண்ணுக்கு ஒரு கூலி, ஆணுக்கு ஒரு கூலி என்று ஒத்துக்கொண்ட தொழிலாளி, நாளைக்குத் தன் தம்பிக்கு ஒரு கூலி என்று முதலாளி சொல்லும்போது எந்த வாயால் மறுப்பான்?

பெண்கள் அதற்குப் பிறகும் ஓயவில்லை. 2006-இல் அதிவேக ரயிலில் வேலை பார்த்த 280 பெண்கள் நீக்கப்பட்டு, நேரடி நியமனம் கேட்டு 12 ஆண்டு போராடி, 2018 ஜூலையில் 180 பேருக்கு வேலை என்ற உடன்பாட்டைக் கண்டார்கள். 2007-இல் ஒரு பெரிய கடைக் கம்பெனியின் கல்லாவில் உட்கார்ந்த பெண்கள் கடையையே கைப்பற்றி உட்கார்ந்து, 510 நாள் போராடினார்கள். விவரம் எழுத இடமில்லை. கார், கப்பல், கைப்பேசி எல்லாவற்றிலும் முன்னணி என்று பெருமை பேசும் அந்த நாட்டில் 2022-இலும் ஆண் சம்பளத்துக்கும் பெண் சம்பளத்துக்கும் இடையே வித்தியாசம் சுமார் 31 விழுக்காடு. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பில் அதுவே மிக அதிகம்.

இன்னும் இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாமவர் கங் ஜூ ரியோங். ஜப்பானிய ஆட்சியில், 1931 மே மாதம், பியோங்யாங் நகர ரப்பர் ஆலையில் கூலியைக் குறைத்தார்கள். 49 பெண்கள் பட்டினிப் போராட்டம் இருந்து, போலீஸால் துரத்தப்பட்டபோது, இவர் இரவோடிரவாக ஊல்மில்டே என்ற பழைய மண்டபத்தின் கூரைமேல் ஏறினார். விடிந்ததும் கூடிய ஜனங்களுக்கு அங்கிருந்தே கூலிக் கதையை எடுத்துச் சொன்னார். ஒன்பது மணி நேரம். இறக்கிச் சிறையிலிட்டார்கள், மறு ஆண்டு இறந்தார். உயரத்தில் ஏறி நின்று போராடுவது கொரியத் தொழிலாளியின் வழக்கமாகவே ஆகிவிட்டது. அதன் முதல் ஆள் ஒரு ரப்பர் ஆலைப் பெண்.

இரண்டாமவர் கிம் ஜின் சுக். தையல் ஆலையில் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்தார். டிக்கெட் காசை ஒளித்திருப்பாள் என்று பெண் கண்டக்டர்களின் உடம்பைத் தடவிச் சோதிக்கும் காலம் அது. 1981-இல் பூசான் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராகச் சேர்ந்தார். நாட்டின் முதல் பெண் வெல்டர் என்பார்கள். 1986-இல் கூட வேலை செய்த ஆண்கள் அவரைச் சங்கப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். முதலாளிக்கு வேண்டிய சங்கத்தின் யோக்கியதையை வெளிப்படுத்தித் துண்டுப் பிரசுரம் போட்டார். போலீஸ் பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தது. கம்பெனி டிஸ்மிஸ் செய்தது.

அந்தத் தளத்தில் 2003-இல் ஓர் ஆட்குறைப்பு. 35 மீட்டர் உயரமுள்ள 85-ஆம் எண் கிரேனில் 129 நாள் இருந்த சங்கத் தலைவர் அங்கேயே தூக்கிட்டு இறந்தார். 2011-இல் மறுபடி ஆட்குறைப்பு. ஜனவரி 6 விடியற்காலை, குளிரில், அதே 85-ஆம் எண் கிரேனில் ஏறினார் கிம் ஜின் சுக். வயது ஐம்பது. அவருக்கு அங்கே வேலையே கிடையாது; அது போய் 25 ஆண்டாகியிருந்தது. வேலை போகவிருந்தவர்கள் ஆண்கள். அவர்களுக்காக ஏறினார். கீழிருந்து கயிற்றில் சோறு போயிற்று; இம்முறை சமைத்து அனுப்பியவர்களில் ஆண்களும் இருந்தார்கள். நாடெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் "நம்பிக்கை பஸ்" என்று பெயரிட்டு பஸ் பஸ்ஸாக வந்து கிரேனின் கீழே நின்றார்கள். 309 நாள் கழித்து, நவம்பர் 10-ஆம் தேதி, நீக்கப்பட்டவர்களை மீண்டும் எடுப்பதாக உடன்பாடு ஆன பிறகு இறங்கினார்.

அவருடைய சொந்த டிஸ்மிஸ் மட்டும் அப்படியே இருந்தது. ஓய்வு பெறும் வயதும் கடந்தது. கம்பெனி கைமாறிய பின், அவரை வேலைக்கு எடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். 2022 பிப்ரவரி 25-ஆம் தேதி, நீல நிற வேலை உடுப்பை அணிந்துகொண்டு அந்தத் தளத்தின் வாசல் வழியே உள்ளே போனார். அன்றே சேர்ந்தார், அன்றே ஓய்வு பெற்றார்.